ஒரே துணி

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள்தான் என் வேலை. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசர் சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. அந்தக் கர்வத்துக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

குண்டடம் பக்கம் எங்கள் முருங்கைக் காட்டில் நான்கு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தேன். பக்கத்துக் காட்டு அக்காவிடம் மூன்று. தேனீ வந்த பிறகுதான் தன் மரங்களில் ஒழுங்காகக் காய் பிடித்தது என்பார். மகளின் பிரசவத்துக்காக ஒன்றரை மாதம் தாராபுரம் போனபோது பெட்டிகளை என்னை நம்பி விட்டுப் போனார்.

அவர் போன வாரமே என் பெட்டி ஒன்றைத் திறந்தேன். அடையில், தேனீயாக வேண்டிய புழு ஒன்று தலையை நிமிர்த்தியபடி செத்துக் கிடந்தது. குச்சியால் எடுத்தால் தோலுக்குள் தண்ணீர் கட்டியிருந்தது. ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். கம்பெனியில் ஒரு பீஸை அப்படி விட்டிருப்பேனா?

எங்கள் பக்கம் எதைத் துடைப்பதென்றாலும் பனியன் வேஸ்ட்தான். கட்டிங்கில் மிஞ்சிய துண்டுகள் வீட்டுக்கு ஒரு மூட்டை கிடக்கும். அன்றும் ஒரு வெள்ளைத் துண்டால் என் பெட்டிகளின் அடிப்பலகையையும் சட்டங்களையும் துடைத்தேன். அதே துணியோடு வேலியைத் தாண்டிப் போய் அக்காவின் மூன்று பெட்டிகளையும் துடைத்தேன். சுத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமை வேறு. மூட்டை நிறையத் துணி இருந்தும் வேறொன்றை எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் ஏழு பெட்டிகளிலும் புழுக்கள் வரிசையாகத் தலை நிமிர்ந்து செத்தன. மிச்சத் தேனீக்கள் கூட்டை விட்டே ஓடிவிட்டன. தேனீ வளர்க்கும் ஒருவரிடம் கேட்டேன். ஒட்டிப் பரவும் நோய், கை, கத்தி, துணி எதிலும் போகும் என்றார். அக்கா போனில் விசாரித்தபோதெல்லாம், "நல்லாருக்குதுங்க்கா" என்றேன்.

அக்கா வந்து, காலிப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "எங்கியோ போயிருச்சுங்க்கா" என்றேன். நம்பினார்.

பிறகு கம்பெனிக்குப் போலோ டிஷர்ட் ஆர்டர் வந்தது. அந்தத் துணி நெசவு முழுக்கத் தேனடை மாதிரிப் பொடிப்பொடி அறைகள். டியூப் லைட்டுக்குக் கீழே விரித்தால் அறைக்கு ஒரு தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கும். கண்ணை மூடித் திறந்தாலும் போகாது. எனக்குப் பயமாக இருந்தது. நல்ல பீஸ்களில்கூட ஸ்டிக்கர் ஒட்டினேன்.

மறுபடி முருங்கை பூத்தபோது அக்கா சிரித்த முகமாக வந்தார்.

"கண்ணு, புதுக் கூட்டம் ஒண்ணு வருது. பழைய பொட்டியிலயே உட்டர்லாம். நீயே தொடச்சுக் குடு. நீதான் அத்தன சுத்தமா வெச்சிருந்த."

என் கையில் வேஸ்ட் துணியைத் திணித்தார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வருகிறவையும் சாகும்.

"அக்கா, அந்தப் பொட்டியெல்லாம் எரிச்சுருங்க. நாந்தானுங்க கொன்னேன்" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போன்ல நல்லாருக்குதுன்னயே கண்ணு" என்றார், அவ்வளவுதான்.

பெட்டிகளை எரித்துவிட்டுப் புதிது வாங்கினார். போன வாரம் அதைத் திறந்தபோது, பார்க்கும் ஆசையில் நானும் வேலியைத் தாண்டக் காலை வைத்தேன்.

"அங்கயே நில்லு கண்ணு" என்றார்.

குரலில் துளிக் கோபம் இல்லை. இந்தப் பக்கமே நின்று என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.