துப்பிய ஒயின்

சேலத்தில் ஒரு ஹோட்டல் பாரில் கவியரசனுக்கு வேலை. விலை மலிவான சிவப்பு, வெள்ளை ஒயின்களில் எதை வாங்கி வைக்கலாம் என்று ருசி பார்த்துச் சொல்வதும் அவன் பொறுப்புதான். வாயில் ஊற்றி, நாக்கில் புரட்டி, துப்பிவிட வேண்டும். வாராவாரம் சின்னசேலத்தில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தால், மனைவி ஷாலினி முதலில் சட்டையை மோந்து பார்ப்பாள். வாடை அடித்தால் வாசலில்தான் கட்டில். அவளுடைய அப்பா குடித்தே செத்தவர்.

"துப்புறதுக்கா சம்பளம் தர்றாங்க? யார்கிட்ட கதை வுடுறீங்க?"

வாசலில் படுத்துப் படுத்து, அவனுக்கு வாதாடவும் தெம்பில்லை. இந்த வாரம் இரண்டு சின்ன பாட்டில்களோடு வந்தான்.

"நீயே பாத்துக்க."

ஷாலினி இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினாள். ஊற்றிய மட்டத்துக்கு நேராக, ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். அவன் வாய்வாயாக எடுத்துப் புரட்டி, அவள் நீட்டிய சொம்பில் துப்பினான்.

"வெள்ளை வெறும் புளிப்பு. தேறாது. சிவப்பு நாவப்பழத் தோலாட்டம் துவர்க்குது, ஆனா ஓடும்."

"ருசி எனக்கெதுக்கு?" என்றவள், சொம்பில் இருந்ததைத் திரும்பவும் டம்ளர்களில் ஊற்றினாள். இரண்டிலும் பொட்டைத் தாண்டி நின்றது.

"இன்னாங்க, ஜாஸ்தியா இருக்குது?"

"எச்சி."

"ச்சீ!" என்று சிரித்துவிட்டாள். பிறகு தானே கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டாள். "வாடை மட்டும் போவல. அந்தப் பக்கமா திரும்பிப் படுங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் தூங்கிவிட்டான்.