டாங்கில் ஒட்டியிருந்த நீச்சலுடைக்காரி

கல்யாணமான மறு வருஷம் என் கணவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் அவருக்கு வேலை. நான் பள்ளிக்கூட டீச்சர். எழுபதுகளில் எங்கள் தெருவில் சைக்கிளுக்கே தனி மரியாதை இருந்தது. மோட்டார் சைக்கிள் என்றால் கேட்கவே வேண்டாம்.

விற்றவர் ஒரு தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியின் கேப்டன். வண்டி நல்ல வண்டிதான், செக்கச் செவேல் என்று. ஆனால் மனிதர் கொழும்பில் கையில் கிடைத்த ஸ்டிக்கரையெல்லாம் கொண்டுவந்து அதன் மேல் ஒட்டியிருந்தார். மட்கார்டில் நங்கூரம். ஹெட்லைட் தலையில் பிஸ்கட் விளம்பரம். டூல்பாக்ஸில் வாயைப் பிளந்த சிங்கம். பெட்ரோல் டாங்கின் பக்கவாட்டிலோ, பெரிய மீன் ஒன்றின் முதுகில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள் நீச்சலுடையில் ஒருத்தி.

தூத்துக்குடியில் அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாசரேத்தில் என் அப்பா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கோயிலில், அதாவது சர்ச்சில், அசனம், ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அப்பா ரிட்டயர்டு தலைமையாசிரியர். கோயில் கமிட்டியில் இருப்பவர். அரைக்கைச் சட்டை போட்டால்கூட, "என்ன, விளையாடப் போறியா?" என்று கேட்கிற ஆள்.

சனிக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் வண்டியை நிறுத்தினோம். அவர் சவர பிளேடோடு வந்தார்.

"அத்தான், பிளேடைக் கொண்டு போயிருங்க. கீறல் விழுந்தா பெயிண்டு போனது போனதுதான்."

"அப்ப பெட்ரோலை ஊத்தித் தேய்ப்போமா?"

"பளபளப்பெல்லாம் மங்கிப் போகும். ஜாம் பாட்டில் லேபிளை நான் எப்படி எடுக்கேன்னு பாத்ததே இல்லையா நீங்க?"

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து சிங்கத்தின் மேல் போட்டேன். சூடு ஆற ஆற மாற்றினேன். பசை இளகியதும் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, மேலே இழுக்காமல், படத்தை அதன் மேலேயே மடித்து மெதுவாக உரித்தேன். அவசரப்பட்ட இடத்தில் கிழிந்தது. பொறுமையாக இருந்த இடத்தில் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வந்தது. பிசுபிசுப்பாக மிச்சமிருந்த பசையில் தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் துடைத்தால் ஒரு கீறல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியளா, பாத்தியளா!" என்று ஈரக்கையோடு குதித்தேன்.

நீச்சலுடைக்காரி முழுசாக வந்தாள். கைவிரல்கூடக் கிழியவில்லை. பின்பக்கம் பசையும் அப்படியே இருந்தது. அவர் குனிந்து மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைச் சட்டை முதுகு என் எதிரே அகலமாக விரிந்து கிடந்தது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. மெல்ல ஒட்டிவிட்டேன்.

"சோப்புத்தூள் தீந்துபோச்சு, அத்தான்" என்றேன். அது நிஜம்தான்.

அவர் தெருமுனைக் கடைக்கு விறுவிறுவென்று நடந்தார். நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தேன். கடை அண்ணாச்சி பொட்டலத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிய அவரைக் கூப்பிடுவது அங்கிருந்தே கேட்டது.

"தம்பி, கூட ஒரு பிள்ளைய கூட்டிட்டு வந்திருக்கியளே, அவளுக்கு ஒண்ணும் வாங்கலியா?"

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் முதுகைத் தடவிப் பார்த்தார். அப்புறம் தெருவையே அதிர வைத்த குரல்: "ஏளா!"

நான் கிணற்றைச் சுற்றி ஓடினேன். அவர் சோப்புத்தூளோடு துரத்தினார். மூச்சு வாங்கி இரண்டு பேரும் துவைகல்லில் உட்கார்ந்தபோது, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எனக்கு.

வண்டியைக் கழுவித் துடைத்த பிறகுதான் அதைப் பார்த்தோம். பெயிண்டில் கீறல் இல்லை, உண்மை. ஆனால் உப்புக்காற்றிலும் வெயிலிலும் டாங்க் முழுக்க நிறம் வெளுத்திருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் புத்தம்புதுச் சிவப்பு. மீனும் அவளும் தூக்கிய கைகளும், நிழலுருவமாக வரைந்து வைத்த மாதிரி அப்படியே இருந்தார்கள்.

"உரிச்சும் போகலியே இவ!" என்றார் அவர். மறுபடி சிரிப்பு. எண்ணெய் போட்டோம், மெழுகு போட்டோம். இன்னும் பளிச்சென்று தெரிந்தாள்.

காலையில் டாங்கின் மேல் ஒரு பூத்துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நாசரேத்தில் வண்டி நின்றதும் அப்பா வெளியே வந்தார். "மாப்ளை, இதென்ன, வண்டிக்குக் குளிருதா?" என்று துண்டை உருவினார்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததே, அதை என்ன சொல்ல!

"யோனா தீர்க்கதரிசி! மீனு வயித்துலேருந்து வெளிய வந்து கையத் தூக்கி ஸ்தோத்திரம் பண்ணுதான். மாப்ளை, நீங்களா வரையச் சொன்னிய?"

என் கணவர் இருமினார். "அது... தானா அமைஞ்சது மாமா" என்றார். அதிலும் பொய் இல்லை.

அப்பா விடவில்லை. அசனப் பந்தல் முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, பாஸ்டரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்று மீனைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் இலையில் விழுந்தபோது நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம், பார்த்தால் புரையேறிவிடும்.

அம்மா மட்டும் கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏளா," என்றாள் மெதுவாக, "யோனாவுக்கு இடுப்பு ஏன் இம்புட்டு சிறுத்துக் கெடக்கு?"

நான் தண்ணீரை வாயில் வைத்திருந்தேன். அவ்வளவும் அம்மாவின் பட்டுச்சேலையில் போனது. அம்மா திட்டவில்லை. அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது ஏரல் தாண்டி, வாழைத்தோட்டத்து ஓரத்தில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. அம்மா சொன்னதை நான் அவர் காதில் சொல்லித் தொலைத்திருந்தேன். ஹேண்டில் பாரைப் பிடிக்க முடியாமல் அவர் சிரித்த சிரிப்பில், வரப்பில் நின்ற கொக்கெல்லாம் எழுந்து பறந்தன.