சுல்திமின் ஞானக்கண்

சன்ஸ்கார் என்ற பனிமலைப் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர்க்காரர்கள் சுல்திமைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டுவார்கள். மரியாதை என்று சொல்லிக்கொள்வார்கள். பயம்தான், வேறென்ன. மலைக்குகையில் ஆண்டுக்கணக்காக மந்திர சாதனை செய்து, சுவருக்கு அப்பாலும் மனசுக்கு உள்ளேயும் பார்க்கும் கண்ணைப் பெற்று இறங்கியவர் என்று பேச்சு.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா, கண்ணே மங்கிப்போச்சு" என்று அவர் சொன்னால் தீர்ந்தது. சித்தி கிடைத்தவன் அதை வெளியே சொல்லக்கூடாது என்பது குருவுக்குக் கொடுக்கும் சத்தியம். அதனால் அவர் இல்லை என்னும்போதெல்லாம் ஊருக்கு நம்பிக்கை முற்றியது. குகைப் புகையில் வெந்த கண்கள் அவை; இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது. அதையும் ஞானத்தின் அடையாளம் என்றார்கள், மடையர்கள்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. எரிக்க வறட்டி கொண்டுபோய்ப் போடுவேன்.

"உனக்கு மட்டும் பயமில்லையா?" என்பார்.

"என் வண்டவாளம் ஊருக்கே தெரியும். நீங்க புதுசா என்னத்தப் பாக்கப்போறீங்க?"

சிரிப்பார். பிறகு அதே கேள்விதான்: "பல்கித் வருவாளா?"

பல்கித் அவர் தங்கை. ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு. அவர் இறங்கி வந்த நாள் முதல் எட்டிப் பார்க்கவில்லை. அவள் வந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் தேநீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

வாற்கோதுமை அறுப்பு முடிந்த ஒரு மத்தியானம் வந்தாள். வாசலிலேயே நின்றாள். நான் ஓரமாக வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"யாரது?" என்றார் சுல்திம்.

நேரே பார்த்துக்கொண்டே கேட்கிறாரே என்று நடுங்கிப்போய்த் தரையில் விழுந்தாள். "நானே சொல்லிடறேன் அண்ணே. அம்மா சாகும்போது உன்னையே கேட்டா. உன் சாதனை கெட்டுப்போகுமேன்னு நான் ஆள் அனுப்பல."

அவர் முகம் வெளிறியது. "அம்மா என்னைக் கேட்டாளா?"

"தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி கேக்குறியே. உன் மனசு யாருக்கு வரும்."

"இல்லம்மா, நெஜமாவே தெரியாது. கண்ணும் தெரியல. உள்ள வந்து உக்காரு, தேநீர் ஊத்தறேன்."

அந்த மறுப்பே அவளுக்குப் போதும். மன்னித்துவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அடுப்புப் பக்கம் திரும்பித் துழாவியபோது, முதுகு காட்டாமல், கும்பிட்டபடியே சத்தமில்லாமல் பின்னோக்கி நடந்து போய்விட்டாள்.

அவர் வெண்ணெய்த் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆளில்லாத விரிப்புக்கு முன்னால் நீட்டினார். "குடிம்மா, ஆறிடும். அம்மா வேற என்ன சொன்னா?"

அவள் போய்விட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.