ஜெஸீமா சிஸ்டர் குறைத்த பிரஷர்

ஜெஸீமா சிஸ்டர் மௌத்தாகிவிட்டார். மருதமுனையில் அடக்கிவிட்டு இப்போதுதான் கல்முனைக்கு வந்தேன்... இன்னும் உடுப்புக்கூட மாற்றவில்லை.

ஒன்பது வருடம் என்னோடு ஒபரேஷன் தியேட்டரில் நின்ற நர்ஸ். சின்னத் துளையால் கமரா விட்டுச் செய்யும் கீஹோல் ஒபரேஷன் என்றால் எங்கள் எல்லோருடைய கண்ணும் திரையில் இருக்கும். அவர் மட்டும் முழங்கால் வலியோடு குனிந்து, மேசைக்குக் கீழே தொங்கும் யூரின் பேக்கைப் பார்ப்பார்.

பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். இந்த ஒபரேஷனில் வயிற்றுக்குள் காஸ் அடித்து உப்ப வைப்போம். பிரஷர் கூடினால் எங்களுக்கு உள்ளே நன்றாகத் தெரியும்... ஆனால் கிட்னிக்கும் ஈரலுக்கும் போகிற இரத்தம் குறைந்து, சிறுநீர் இறங்குவதும் நின்றுவிடும்.

ஒரு நோன்பு நாள். பித்தப்பைக் கல், சரியான கஷ்டமான கேஸ். பிரஷரைக் கூட்டச் சொன்னேன். கூட்டியதை அப்படியே மறந்தும் விட்டேன்.

"சேர், பேக்ல ஒண்டும் இறங்கல்ல. கொஞ்சம் குறைப்பமா?"

இரண்டு தரம் கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மயக்க மருந்து டொக்டர் தலையசைக்க, சிஸ்டரே குறைத்துவிட்டார்.

திரையில் இடம் சுருங்கியது. எனக்கு வந்ததே கோபம்... "ஒபரேஷன் செய்யிறது நீங்களா, நானா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

மனிசி மறுபடியும் பேக்கைப் பார்க்கக் குனிந்தார்.

கொஞ்ச நேரம் போனது. "இறங்குது சேர்." அவ்வளவுதான் சொன்னார். நோயாளி நாலாம் நாள் சுகமாக வீட்டுக்குப் போனார்.

அன்று நான் வெளியே வரும்போது நோன்பு திறக்கும் நேரம் தாண்டி, மஃரிப் தொழுகையும் முடிந்திருந்தது. எனக்கென்று கஞ்சியும் ஈத்தம்பழமும் மூடி வைத்திருந்தார். "குடிங்க சேர், ஆறப்போகுது."

குடித்தேன். ஏசியதற்கு மாப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று... வெட்கம்தான், வேறென்ன.

இன்று ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மகன் எங்கள் முன்னால் வந்து நின்றார். "எங்கட உம்மா ஆருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் "மாப்பு" என்றார்கள். நான் அல்லவா கேட்க வேண்டியவன்...

ஏசியது எல்லோர் முன்னாலும். அதனால் இதையும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

மாப்புத் தாங்க சிஸ்டர்.

யா அல்லாஹ், கப்ருக் குழியின் நெருக்கத்தை அவருக்கு இலேசாக்கு.