தொடைநடுங்கி கட்டிய மெனு

பயப்படுவதில் அவளை அடித்துக்கொள்ள உலகத்திலேயே ஆள் கிடையாது. சரி, உலகம் என்பது கொஞ்சம் அதிகம்தான். அவள் வேலை பார்த்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஆள் கிடையாது. வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய்விட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள். லிஃப்ட் கதவு கடித்துவிடும் என்று படியேறுவாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் தொடைநடுங்கி. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள், கோபப்படவும் பயம்.

அவள் தலையில்தான் ஒரு மருத்துவமனையின் வலைத்தளத்துக்கு மெனு கட்டும் வேலை வந்து விழுந்தது. ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும், ஸ்கிரிப்ட் நிரல் எதுவும் கூடாது, வெறும் சி.எஸ்.எஸ். போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நிறத்தையும் இடத்தையும் சொல்லும் அந்த வரிகளை மட்டும் வைத்தே கட்டி முடித்தாள். ‘அவசரம்’ என்ற சொல்லின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் கீழே பட்டியல் விரியும்: ரத்த வங்கி, ஆம்புலன்ஸ், பிணவறை. சொல்லுக்கும் பட்டியலுக்கும் நடுவே அழகுக்காக ஒரு நூலிழை இடைவெளி. தளம் திறந்தாயிற்று, மேனேஜரும் மெச்சினார்.

ஞாயிறு மதியம் மாமனாரிடம் காட்டினாள். அவருக்கு நடுக்குவாதம். அவர் மவுஸை ‘அவசரம்’ மேல் கொண்டுபோனதும் பட்டியல் விரிந்தது. ஆம்புலன்ஸை நோக்கி இறங்கிய மவுஸ் அம்பு அந்த இடைவெளியில் தள்ளாடியது. பட்டியல் பட்டென்று மறைந்தது. மறுபடி. மறுபடியும்.

“நீ தொடைநடுங்கி, நான் கைநடுங்கி. நல்ல கூட்டணிம்மா நாம,” என்று அவர் சிரித்தார்.

இந்நேரம் ஏதோ ஒரு வீட்டில், மூச்சுத் திணறுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாரோ இதே பட்டியலைத் துரத்திக்கொண்டிருக்கலாம். நடுக்குவாதமே வேண்டாம். பயத்தில் கை எப்படி ஆடும் என்று அவளுக்கா தெரியாது?

மேனேஜருக்குப் போன் போட்டாள். திறந்த தளத்தில் கை வைக்காதே என்றார் அவர். “எங்கயாவது கவுந்துச்சுன்னா உன் தலைதான் உருளும்.”

ஒரு வரியைத் தொட்டால் வேறெந்தப் பக்கமோ சரியும் என்பது உண்மைதான். ஆனால் தலை உருளும் என்ற பயத்தை, மூச்சுத் திணறுகிறவரைப் பற்றிய பயம் விழுங்கிவிட்டது. மார்ஜின் என்று வெளியே விட்டிருந்த இடைவெளியை பேடிங் ஆக்கிப் பட்டியலுக்குள்ளேயே சேர்த்தாள். அம்பு அங்கே தள்ளாடினாலும் இனிப் பட்டியலின் மேல்தான் தள்ளாடும். விலகினாலும் உடனே மூடாதே, கொஞ்சம் பொறு என்று இன்னொரு வரி எழுதினாள். தளத்தில் ஏற்றிவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். எதுவும் கவிழவில்லை.

மாமனார் மறுபடி மவுஸைப் பிடித்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது திரையில் ஆம்புலன்ஸ் எண்.

உடனே மேனேஜரைக் கூப்பிட்டாள். “மன்னிச்சிருங்க சார், மாத்திட்டேன். எங்க மாமா ஒரே அமுக்குல ஆம்புலன்ஸைப் பிடிச்சிட்டாங்க.”

“ஒரே அமுக்குல இல்லம்மா,” என்றார் பின்னாலிருந்து மாமனார். “வரியெல்லாம் ரொம்ப நெருக்கமா இருக்கு. மொதல்ல ரெண்டு வாட்டி பிணவறைக்குத்தான் போனேன்.”