ரப்பர் பாலும் டார்ச் பல்பும்

அந்த வாரம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பதினாறு வயது, பள்ளியில் நான்காம் படிவத்தில் இருந்தேன். ஆளுக்கொரு வீட்டுப் பொருளைச் சொல்லி, அதிலிருப்பது அயனிப் பிணைப்பா, சகப்பிணைப்பா என்று திங்கட்கிழமை காரணத்தோடு விளக்க வேண்டும். தவறினால் அறிவியல் வகுப்பில் இடமில்லை என்று சீனரான எங்கள் வேதியியல் வாத்தியார் சொல்லிவிட்டார். எலெக்ட்ரானைக் கொடுத்து வாங்கினால் அயனிப் பிணைப்பு, பங்கு போட்டுக்கொண்டால் சகப்பிணைப்பு. மனப்பாடம்தான். ஆனால் எந்தப் பொருள் கொடுக்கிறது, எது பங்கு போடுகிறது என்று பார்த்தால் தெரிகிறதா என்ன?

ஈப்போ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அண்ணன் நான்கு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, டின்னில் வெட்டிய இரண்டு தகடு வைத்து ஒரு கருவி செய்து தந்தான்.

"தண்ணியில கரைச்சு தகட்ட விடு. எரிஞ்சா அயனி, எரியலனா மத்தது. அவ்ளோதான்லா."

உப்புத் தண்ணீரில் எரிந்தது. சீனித் தண்ணீரில் எரியவில்லை. அதன்பிறகு வீட்டில் ஒரு சாமானையும் நான் நிம்மதியாக விடவில்லை. அப்பாவின் தேத்தண்ணியில் தகட்டை விட்டு முதுகில் இரண்டு வாங்கினேன்.

உப்பையும் சீனியையும் எல்லோரும் சொல்வார்கள். எஸ்டேட் பிள்ளையான நான் ரப்பரைச் சொல்லி அசத்த வேண்டாமா? பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகும் அம்மாவை, கொஞ்சம் பால் கேட்டு நச்சரித்துத் தீர்த்தேன். சனிக்கிழமை, தேத்தண்ணி போத்தலின் அடியில் கொஞ்சம் பாலோடு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் ஊற்றினாள். பல்பு மங்கலாக எரிந்தது. குதித்தேன்.

திங்கட்கிழமை, ரப்பர் அயனிப் பிணைப்பு என்று எழுந்து நின்று சொன்னேன். அப்படியானால் மின்சார வேலை செய்பவர்கள் எதற்கு ரப்பர் கையுறை போடுகிறார்கள் என்று வாத்தியார் கேட்டார். வகுப்பே சிரித்தது. மின்சாரத்தைக் கடத்தியது பாலின் தண்ணீரில் கரைந்திருந்த உப்புகளாம், ரப்பர் சகப்பிணைப்புதானாம். வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

அவமானத்தை அப்படியே வீட்டுக்குச் சுமந்துபோய் அம்மாவின் மேல் கொட்டினேன். "நீ கொண்டாந்த பாலு சரியில்லம்மா. ஒன்னாலதான் எல்லாம் போச்சு."

விரலில் ஒட்டிக் காய்ந்திருந்த பாலை உரித்தபடி அம்மா சற்று யோசித்தாள். "வேற மரத்துப் பாலு கொண்டாரவா? அந்தப் பக்கத்து வரிசையில நல்ல மரமா இருக்கு."

வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை உப்பைச் சொல்லி என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

எஸ்டேட்டிலிருந்து கையளவு பால் வெளியே போனாலும் திருட்டு. பிடிபட்டால் வேலை போகும், அந்த வேலையோடு வந்த வீடும் போகும். வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் அவர்களின் பைகளைச் சோதிக்கிற வழியாக அவள் அந்தப் போத்தலை எப்படிக் கொண்டுவந்தாள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு தடவை கொண்டுவரவும் அவள் தயாராக இருந்தாள். நானோ, பால் சரியில்லை என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.