கேமராவுக்கு நீட்டிய பாட்டில்

பேரணாம்பட்டு நிருபர். குடியாத்தம் நிருபர். வானொலியிலிருந்து ஒரு அம்மா. ஆம்பூரில் உருதுப் பத்திரிகைக்கு எழுதும் பாய். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆராய்ச்சி அதிகாரி, டாக்டர் மேடம். கதவோரம் நான், கையில் ஒரு கண்ணாடி பாட்டில்.

நிலத்தடி நீரை ஆராயும் அலுவலகம் எங்களுடையது. மாதம் ஒருமுறை பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, கண்டுபிடித்ததைச் சொல்வார்கள். நான் அங்கே அட்டெண்டர். பேச்சைத் தொடங்கும் முன் ஏதாவது ஒரு கிணற்றுத் தண்ணீரை மூடி திறந்து சுற்றுக்கு விடச் சொல்வார் மேடம். ஒவ்வொருவர் மூக்குக்கும் கொண்டுபோவேன். முகம் சுளிப்பார்கள். "மோந்து பாத்தாத்தான்பா இவங்களுக்குக் கேள்வி வருது" என்பார்.

போகப் போக ஆட்கள் வருவது குறைந்தது. கூட்டத்தை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் யாரும் வாய் திறக்காவிட்டால் கூட்டத்தையே நிறுத்திவிடுவதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். மேடம் அதை என்னிடம் சொன்னபோது குரலில் எதையும் காட்டவில்லை.

ஆன்லைனில் முதல் கூட்டம். மேடம் பேசி முடித்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். ஒரு சத்தமில்லை. இன்னொரு முறை கேட்டார். பாட்டில் மூடியபடியே மேசையில் இருந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பழக்கத்தில் எடுத்து, மூடியைத் திறந்து, லேப்டாப் கேமராவுக்கு நேராக நீட்டினேன்.

கட்டங்களுக்குள் சிரிப்பு வெடித்தது.

"அண்ணே, இன்னும் கிட்ட காட்டு, எனக்கு ஜலதோஷம்" என்றார் குடியாத்தம் நிருபர்.

"பாத்துண்ணே, லேப்டாப்பு குடிச்சுடப் போவுது" என்றார் வானொலி அம்மா.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. "இரு இரு. இன்னா கலரு அது? எங்க வூட்டு போர் தண்ணியும் அப்படித்தான் இருக்குது."

எழுந்து போய் ஒரு டம்ளரில் பிடித்துவந்து காட்டினார். "கலரைவிட வாசனைதான் மோசம் மேடம். குடிக்கலாமா, கூடாதா?"

அதுதான் முதல் கேள்வி.

"குடிக்காதீங்க பாய். நாளைக்கு ஆள் அனுப்பறேன், டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார் மேடம். அதற்குள் பேரணாம்பட்டு நிருபரும் தன் வீட்டுக் குழாயடிக்குப் போயிருந்தார். கூட்டம் முடியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மறுநாள் ஆம்பூருக்குப் போன ஆள் நான்தான்.

மேடம் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். கூட்டம் நிற்கவில்லை. ஒடுகத்தூர் மலையடியிலிருந்துகூட இப்போது சேர்கிறார்கள். தொடங்கும் முன் ஆளுக்கொரு பாட்டிலில் தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தூக்கிக் காட்டுகிறார்கள். வாசனையை வாயால்தான் சொல்ல வேண்டும். யார் வீட்டுத் தண்ணீர் மோசம் என்று அதற்கே ஒரு சண்டை நடக்கும்.

முன்பு கூட்டம் நடந்த ஹாலில் எப்போதும் இருந்தது ஒரே பாட்டில். நேற்று திரையில் எண்ணிப் பார்த்தேன்.

பதினேழு.